கணுக்காலும் கருத்தும்

செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் இருப்புப்பாதையில் பழைய சீவரம் என்னும் சிறு நிலையத்தில் இறங்கிப் பாலாற்றைக் கடந்தால் எதிர்க்கரையில் இருப்பது எங்கள் ஊராகிய திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்றும் கூடுமிடம் ஆதலின் இப்பெயர் பெற்றது. முக்கூடற்பள்ளுக்கு உரிய முக்கூடல் இதுதானோ என்று வகுப்பு நண்பர் சிலர் என்னை வினவியதுண்டு. அன்று, அது பொருநைக் கரையது. எங்கள் முக்கூடலில் ஆண்டின் பெரும்பகுதி நீரைவிட மணலே மிகுதி. அம்மணலால் எனக்கு விளைந்த பயனைப் பின்னர்க் கூறுவேன்.

இவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில் நீண்டதொரு சாசனம் உண்டு. 1063 முதல் 1070 வரை அரசாண்ட வீரராசேந்திர சோழன் காலத்தது அது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையொன்றும், மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் தரும் விடுதியும், ‘வீரசோழன்’ என்னும் பெயருடைய ஆதுலசாலையும் நடந்தன என அச்சாசனத்தால் அறிகிறோம். ஆதுலர் என்பார் பிணியுற்றோர், ஆதுலசாலை வைத்தியசாலை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர்வோர் இருவர், மருந்து சமைக்கும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் வார்ப்பவர் ஒருவர் என அங்குப் பணி செய்தவர்களையும், அவரவர்க்குரிய நெல்லையும் காசையும் அக்கல்வெட்டுக் கணக்கிட்டுக் கூறுகிறது. ஆண்டு முழுதும் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் வரிசையில் ஏரண்ட தைலங்கள், அதாவது ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், இடம்பெற்றுள்ளன. மூட்டு நோவுக்கும் சுளுக்குக்கும் எங்கள் பாட்டிமார் இன்றும் முதலில் நாடுவது அவ்வெண்ணெயையே.

இச்சுவரைச் சிறுவயது முதல் பலமுறை பார்த்திருக்கிறேன். எனினும் சென்ற ஆண்டு அதன்முன் ஒற்றைக்கால் ஊன்றி நின்றபோதுதான் ஒரு வினா என் மனத்தில் எழுந்தது. படுக்கையை விட்டு எழுந்த நோயாளி தன் தொழிலுக்குத் திரும்புமட்டும் உள்ள இடைக்காலத்தில் அவனுக்கு என்ன செய்தார்கள்? சாசனத்தில் அதற்கு விடையில்லை. இக்காலத்திலும் அவ்விடைக்காலத்தைப் பொருட்படுத்துவோர் சிலரே. யானும் பொருட்படுத்தாதவரில் ஒருவனாக இருந்தேன்.

நிகழ்ந்தது இது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, கால்பந்தாட்டத்தில் தலையால் பந்தை முட்ட எம்பியவன், இறங்குகையில் எதிராளியின் பாதத்தின்மேல் இடக்காலை வைத்துவிட்டேன். பாதம் உட்புறமாக மடங்கிற்று. மறுநாள் வெளிப்பரட்டைச் சுற்றிப் பனங்காய்போல் வீங்கி, நீலம் பாரித்தது. எலும்பு முறியவில்லை, இரண்டாந்தரச் சுளுக்கு என்றார் வைத்தியர். கட்டுக் கட்டி, ஓய்விருக்கச் சொல்லி, வீக்கம் வடிந்தபின் தேகாப்பியாசத்திற்கு வருமாறு பணித்தார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது; யானோ வடிந்ததே போதும் என்று போகாமல் இருந்துவிட்டேன். நான்காம் வாரம், விடுதிப் படிக்கட்டில் புத்தகமும் கையுமாக இறங்கும்போது, தடையொன்றும் இல்லாத இடத்தில், அதே கால் அதே வண்ணம் மடங்கிற்று. முதற் காயத்திற்கு எதிராளியின் பாதத்தைச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

நோவு நீங்கிய கால் ஏன் மீண்டும் மடங்குகிறது? இதை அறிய, கணுக்காலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முழங்காலின் கீழ் எலும்புகள் இரண்டு உள. உட்பக்கத்துப் பேரெலும்பும் வெளிப்பக்கத்து மெல்லெலும்பும் கீழ்நுனியில் இரு பரடுகளாகப் புடைத்து, கவைபோல நின்று, பாதத்தின் மேலெலும்பை இடையில் பற்றிக்கொள்கின்றன. (பரட்டைக் கரடு என்றலும் உண்டு. தேவாலய வாசலில் முடவன் எழுந்து நடந்த வரலாற்றைக் கூறுமிடத்து நமது தமிழ் வேதாகமம் ஆளுஞ் சொல் அதுவே.) தம் பரடுகளைத் தடவிப் பார்ப்பவர், வெளிப்பரடு உட்பரட்டினும் தாழ இருத்தலை உணர்வர். எலும்பை எலும்போடு பிணிக்கும் கட்டுநார்கள் உட்பக்கத்தில் விசிறிபோல் விரிந்து வலியனவாய் உள்ளன; வெளிப்பக்கத்திலோ மூன்று தனித்தனி நார்களே. இக்காரணங்களால் பாதம் வெளிப்புறம் மடங்குதல் அரிது, உட்புறம் மடங்குதல் எளிது. மடங்குங்கால் முதலில் துன்புறுவது வெளிப்பரட்டின் முன்னுள்ள நார். நார் இழுபட்ட அளவில் நின்றால் முதற்றரம், ஒரு பகுதி கிழிந்தால் இரண்டாந்தரம், முழுதும் அறுந்தால் மூன்றாந்தரம்.

எலும்பு முறிந்ததோ எனும் ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். அதற்குக் கானடா நாட்டு ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992-இல் வெளியிட்ட விதி இன்று உலகெங்கும் வழங்குகிறது. பரட்டெலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நோவு தோன்றினும், காயம்பட்ட உடனும் வைத்தியர் பார்க்கும்போதும் 4 அடி எடுத்து வைக்க இயலாதிருப்பினும் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பாதத்தின் நடுப்பகுதிக்கும் இத்தகைய விதி உண்டு. இதனை அறியாது ‘வெறுஞ் சுளுக்கு’ என்று நீவிவிடத் தொடங்குவது அபாயம்.

இனி நம் வினாவிற்கு வருவோம். கட்டுநார் வெறுங் கயிறன்று. அதனுள்ளும், மூட்டைப் போர்த்த உறையினுள்ளும், சுற்றியுள்ள தசைகளுள்ளும் நுண்ணிய நரம்பு முனைகள் இருந்து, பாதம் எப்பக்கம் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதைக் கணந்தோறும் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டும் நம் கால் எங்கே இருக்கிறது என்று சொல்ல நம்மால் இயல்வது இவற்றால்தான். ஐம்பொறிகளுள் அடங்காத இவ்வுணர்வுக்கு 1906-இல் ஆங்கில அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் தனிப்பெயர் சூட்டினார். நாம் தன்னிலையுணர்வு எனலாம். நார் கிழியும்போது இம்முனைகளும் சிதைவுறும் என்றும், செய்தி பிந்துவதாலேயே கால் மீண்டும் மீண்டும் மடங்குகிறதென்றும் 1965-இல் பிரீமன் என்பவரும் அவர்தம் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் எடுத்துரைத்து, ஆடும் பலகைமேல் நின்று பழகும் பயிற்சியை அதற்கு மருந்தாகக் காட்டினர். அவர் கூறிய காரணம் முழுதும் சரியன்று என்பது பின்வந்தோர் கருத்து. பிழை மூட்டில் மட்டுமன்று, மூளையிலும் உளது. பலநாள் அசையாதிருந்த உறுப்பை நடத்தும் திறத்தில் மூளையும் தளர்கிறது என்கின்றனர். கருத்து மாறினும் பலகைப் பயிற்சி நிலைத்துவிட்டது.

இரண்டாம் முறை கால் மடங்கியபின் யான் சென்று கண்ட இயன்முறை வைத்தியர் இதனையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடக்கினார். “தம்பி, உங்கள் கால் ஆறிவிட்டது, அந்தச் செய்தி உங்கள் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.” பின்னர் அவர் கொடுத்த முதற் பயிற்சி என்னை வியப்பில் ஆழ்த்தியது. நாற்காலியில் அசையாது அமர்ந்து, கண்ணை மூடி, இடப்பாதத்தை மேலே தூக்குவதாக நினைக்கவேண்டும்; தூக்கலாகாது. இது வைத்தியமா, வேடிக்கையா என்று ஐயுற்றேன்.

வேடிக்கையன்று என்பதற்குச் சான்றுகள் உள. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கரான எட்மண்டு ஜேகப்சன், ஒருவன் கையை மடக்குவதாக நினைத்த அளவிலேயே அக்கைத் தசையில் நுண்ணிய மின்னசைவு தோன்றுதலைக் கருவியால் அளந்தார். 1992-இல் யூ, கோல் என்னும் இருவர் சுண்டுவிரற் பயிற்சி ஒன்றைச் சோதித்தனர். மெய்யாகவே பயின்றவர்க்கு 30 விழுக்காடு வலிமை ஏறியது. மனத்தில் மட்டும் பயின்றவர்க்கு 22 விழுக்காடு ஏறியது. நமக்கு நெருங்கிய சான்று 2005-இல் வந்தது. சிடவே, டிரஸ்கா என்போர் கணுக்காலில் பாதத்தை மேல்நோக்கி வளைக்கும் தசையையே எடுத்துக்கொண்டனர். நான்கு வார முடிவில், உடலால் பயின்றவர் ஏறக்குறைய 25 விழுக்காடும், மனத்தால் பயின்றவர் 17 விழுக்காடும் வலிமை பெற்றனர். இரண்டும் செய்யாதவர் சற்றே இழந்தனர். உறங்கிக்கிடக்கும் தசையிழைகளைத் தட்டியெழுப்பும் ஆணை மூளையிலிருந்து வருவது. அவ்வாணையே பழக்கத்தால் வலுப்பெறுகிறது என்பது இதற்குக் கூறும் விளக்கம். தசை பருத்ததனால் வந்த வலிமையன்று இது.

ஆயினும் மேற்கண்டவர்கள் காயமுற்றவரல்லர், நல்ல காலுடையவர். காயமுற்றவரிடம் கண்டதென்ன? 2007-இல் கிரேக்க நாட்டில் கிறிஸ்டாகூ என்பாரும் துணைவரும், இரண்டாந்தரச் சுளுக்குற்ற விளையாட்டு வீரர் 20 பேரை ஆராய்ந்தனர். அனைவர்க்கும் தேகப்பயிற்சி ஒன்றே. பாதிப்பேர் அதனோடு மனோபாவனையும் பயின்றனர். அவ்வாறு பயின்றவரின் தசைகள் களைப்பைத் தாங்கும் ஆற்றலில் விஞ்சின. சமநிலையில் வேறுபாடு காணப்படவில்லை. அவர்களே செய்த மற்றோர் ஆராய்ச்சியில் நோவு, வீக்கம், மூட்டின் அசைவெல்லை ஆகிய மூன்றிலும் மனப்பயிற்சியால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. இம்முடிவை மறைத்து, நினைப்பாலேயே நோய் தீரும் என்று பேசுவோர் பலர். அவர்கள் பேச்சை யான் ஏற்பதற்கில்லை. நினைப்பு வீக்கத்தை வடிக்காது. கிழிந்த நாரைத் தைக்காது. கால் அசைய இயலாத நாட்களில் மூளை தன் பாடத்தை மறவாதிருக்கச் செய்யும்; கால் அசையத் தொடங்கிய நாட்களில் அதற்குத் துணைநிற்கும். அவ்வளவே, அவ்வளவும் சிறிதன்று.

யான் பயின்ற முறையைச் சொல்லுகிறேன். நாளொன்றுக்கு இருமுறை, 10 நிமிஷம். முதலில் நல்ல காலை மெய்யாகத் தூக்கி இறக்கி, அப்போது முன்தசை இறுகுவதையும் குதிகால் தரையை அழுத்துவதையும் உன்னிப்பாக உணரவேண்டும். பிறகு கண்ணை மூடி அவ்வுணர்ச்சியை அப்படியே நோயுற்ற காலுக்கு மாற்றவேண்டும். ஈண்டுத் தொடக்கத்தில் பெரும்பிழை ஒன்று செய்தேன். யான் நடப்பதைத் திரைப்படம் பார்ப்பதுபோல் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அங்ஙனமன்று, காலின் உள்ளிருந்து உணர்தல் வேண்டும் என்று வைத்தியர் திருத்தினார். வேகமும் மெய்யான நடையின் வேகமாகவே இருத்தல் வேண்டும். படியிறங்க 8 விநாடி ஆகுமெனில் நினைப்பிலும் 8 விநாடி ஆகவேண்டும். மூன்றாம் நாள் என் நினைப்பிற் கால் படிக்கட்டின் நடுவே மடங்கிற்று. நாற்காலியிலிருந்து திடுக்கிட்டு எழுந்தேன். அப்படி நேர்ந்தால் அவ்வடியை நிறுத்தி, முதற்படியிலிருந்து தொடங்கிச் செம்மையாக இறங்கி முடிக்கவேண்டுமாம். தவறான பாடத்தை மனத்திலும் ஒப்பிக்கலாகாது.

இனி உடற்பயிற்சி. காற்பெருவிரலை எழுத்தாணியாகக் கொண்டு காற்றில் எழுத்தெழுதுவது அவற்றுள் ஒன்று. ஆங்கிலம் பயின்றோர் 26 எழுத்தோடு முடித்துக்கொள்வர். தமிழ் மாணாக்கனாகிய எனக்கு 247 எழுத்துக்கள் இருந்தன! அகரம் எளிது, இகரத்தின் சுழி கணுவை நன்கு திருப்பும், ழகரத்தின் கீழ்வளைவில் வெளிப்பரடு வலிக்கும். ணகரத்தின்மேல் ஐகாரம் ஏறிய எழுத்தை, 1978-இல் தமிழ்நாட்டு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் இருந்த யானைத் துதிக்கை வடிவில் எழுதிப் பார்த்தேன். அச்சுக்கோப்போர்க்கு அவ்வெழுத்து நீங்கியது நன்மையே. கணுக்காலுக்கு அதனினும் சிறந்த எழுத்து இல்லை. இப்பயிற்சியில் உடல் வேறு மனம் வேறு எனப் பிரித்தல் அரிது. எழுத்தின் வடிவம் கருத்தில் முன்னே நிற்கக் கால் பின்னே செல்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியைக் காலால் வைக்க முயல்வார்க்கு இவ்வுண்மை விளங்கும்.

எழுத்துக்குப் பின் நிற்றல். சுவரருகே நோயுற்ற காலில் மட்டும் நிற்கவேண்டும். முதலில் கண்திறந்து, பின்னர்க் கண்மூடி, அதன்பின் மடித்த போர்வையின்மேல். இது கைவந்தவுடன் வைத்தியர் புதியதொரு தொல்லை சேர்த்தார். நிற்கும்போதே நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்து எண்ணச் சொன்னார். கணக்கு எனக்குப் பகையாதலின், அவர் இசைவு பெற்று, அசை பிரித்துத் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என வாய்பாடு கூறலானேன். நண்பன் ஒரு சொல்லைக் கூறிப் பந்தை எறிவான். யான் ஒற்றைக் காலில் நின்று பந்தைப் பிடித்து அச்சொல்லின் சீரைச் சொல்லவேண்டும். முதல்நாள் சீர் வந்தால் கால் சாயும், கால் நின்றால் சீர் தவறும். யாப்பில் அடி தவறுவதும் நிலத்தில் அடி தவறுவதும் ஒருங்கே நிகழக் கண்டு விடுதி மாணாக்கர் நகைத்தனர்.

இதன் கருத்து ஆழமானது. அமைதியான அறையில், காலையே நோக்கி நிற்கையில், காலைக் காத்தல் எளிது. ஆடுகளத்திலோ கண் பந்தின்மேலும், கருத்து எதிராளியின்மேலும் இருக்கும். கணுக்கால் தன்னைத் தானே காத்துக்கொள்ளல் வேண்டும். என் கால் படிக்கட்டில் மடங்கியதும் கருத்துப் புத்தகத்தில் இருந்தபோதன்றோ? ஆதலின் கருத்து வேறிடத்தில் இருக்கும்போதே காலைப் பழக்குகின்றனர். நம்மவர்க்கு இது புதிதன்று. அவதானம் என்னும் கலை, பல செயல்களில் ஒரே காலத்தில் கருத்தைப் பகிர்ந்து நிறுத்துதலே. 1907-இல் சென்னையில் நூறு செயல்களை ஒருங்கே நிகழ்த்திக் காட்டிச் சதாவதானி எனப் புகழ்பெற்ற செய்குதம்பிப் பாவலரை நம் ஆசிரியர்கள் வகுப்பில் குறிப்பிடுவர். யான் முயன்றது துவிதாவதானம். அதிலும் ஒன்று வெறுமனே நிற்றல்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது, எங்கள் அடுத்த வீதியில் காஞ்சிபுரத்து வணிகர்க்குக் கூலிக்குப் பட்டு நெய்யும் பெரியவர் ஒருவரும் வலக்கால் விந்தி நடப்பதைக் கண்டேன். மழைநாளில் வழுக்கிக் கணு சுளுக்கியதாம். அவர் தறி குழித்தறி. நெய்பவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாறிமாறி மிதித்தாலன்றிப் பாவு திறவாது. கால் ஓய்ந்தால் கூலியும் ஓயும். என்னைப்போல் கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு ஆறவிட அவருக்கு இயலுமோ? அவர் கூறியதை அவர் சொல்லிலேயே எழுதுகிறேன்.

“வீக்கம் வடிஞ்சு பத்து நாளாச்சு தம்பி. ஆனா தறியிலே உக்காந்தா கால் மிதியைத் தேடுது. முன்னே தானாப் போகும். இப்போ நான் கூட்டிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு.”

ஷெரிங்டனும் பிரீமனும் பக்கம் பக்கமாக எழுதிய பொருளை இதனினும் தெளிவாக யாரால் கூற இயலும்? அவருக்குச் செங்கற்பட்டு அரசாங்க வைத்தியசாலைக்கு வழிகாட்டியதோடு, யான் கற்ற மனப்பயிற்சியையும் கூறினேன். தறிக்குழியில் உட்கார்ந்து, மிதியின்மேல் காலை வைத்து, மிதியாமலே நூறு மிதி நினைக்கவேண்டும் என்றேன். அவர் நகைத்து, “கண்ணை மூடினா எனக்குத் தறியைத் தவிர வேறென்ன தெரியுது?” என்றார். உள்ளிருந்து உணர்தல் எனக்குப் பல நாட்பாடமாயிற்று. நாற்பதாண்டு மிதித்த அவருக்கு அது கேட்ட அன்றே வந்துவிட்டது. மனோபாவனை முன்பழக்கம் உடையார்க்கே எளிதிற் கைகூடும் என்பதை அவரிடம் கண்டேன். அறியாத வினையை நினைப்பால் மட்டும் கற்றல் கடினம்.

அவருக்கும் எனக்கும் வேறுபாடு ஒன்று இருந்தது. எனக்கு அச்சம், அவருக்கு அவசரம். அச்சமுடையவன் காலை ஊன்றாது இழுத்து நடந்து தசையை மெலிவிக்கிறான். அவசரமுடையவன் நோவைப் பொருட்படுத்தாது ஊன்றி மறுபடியும் சுளுக்கிக்கொள்கிறான். முன்னவனுக்கு நினைப்பு துணிவு தரும். பின்னவனுக்கு அது தரும் நன்மை, வேலை செய்யாத நாட்களிலும் வேலையோடு தொடர்பு அறாது என்னும் ஆறுதல். முதல் வாரம் நாளில் ஒரு மணி நேரமே மெய்யாக மிதித்து, எஞ்சிய நேரம் மகனைத் தறியில் இருத்தித் தாம் அருகிருந்து நினைப்பால் மிதித்தார். கூலி குறைந்ததை ஈடுசெய்யும் பயிற்சி எதுவும் என்னிடம் இல்லை.

மாலையில் இருவரும் ஆற்றுமணலில் வெறுங்காலோடு நடந்தோம். மணலில் ஓரடிபோல் மறுவடி இராது. பாதம் ஒவ்வோர் அடியிலும் புதிதாகச் சாய்ந்து புதிதாக நிமிரவேண்டும். பிரீமனின் ஆடும் பலகைக்குப் பாலாறு குறைந்ததன்று. கரையோரத்து இறுகிய மணலில் தொடங்கி, வாரந்தோறும் சற்றே உட்சென்று, இளகிய மணலுக்குப் போனோம். நோவு மறுநாட் காலையிலும் நின்றால் அன்று முன்னாள் தூரத்தில் பாதி.

பெரியவர் தைமாதத்திலிருந்து நாள்முழுதும் நெய்கிறார். எனக்குப் பந்தாட்டக் குழுவில் மீண்டும் இடம் கிடைக்குமோ அறியேன். நோயுற்ற காலில் கண்மூடி 30 விநாடி நின்ற பிறகே களத்தில் இறங்கலாம் என்பது வைத்தியர் எனக்கு விதித்த நிபந்தனை. நேற்று மாலை 22 வரை நின்றேன்.